மருத்துவப் பாடம்: வாய்க்குள் ஒரு வெள்ளைத் திட்டு



வாய்ப்புண் வராத மனிதர் இல்லை. வந்தவுடன் "உடம்பில் சூடு" என்று சொல்லி, வீட்டில் மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுப்பார்கள். அல்லது மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வருவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் புண் ஆறிவிடும். கீரையால் ஆறியதா, மாத்திரையால் ஆறியதா, தானாகவே ஆறியதா என்று யாரும் கேட்பதில்லை. அதில் தவறும் இல்லை. ஆனால் ஆறாமல் நின்றுவிடும் புண்ணும், வலியே தராத திட்டும் வேறு வகையைச் சேர்ந்தவை. வலிக்கிற புண்ணோடு மக்கள் உடனே ஓடிவருகிறார்கள்; வலிக்காததோடு மாதக்கணக்காய் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், நாக்கு, அண்ணம் ஆகியவற்றை மூடியிருக்கும் ஈரமான மெல்லிய தோலையே உட்சவ்வு என்கிறோம். இதைப் பரிசோதிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு டார்ச் விளக்கு, வாய்க் கண்ணாடி, கையுறை, ஒரு துண்டு காஸ் துணி போதும். பல்செட் இருந்தால் முதலில் கழற்றச் சொல்லவேண்டும். பின்பு நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இருபுறமும் மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும்; ஏனெனில் நாக்கின் ஓரமும் அடிப்பாகமும் புற்றுநோய் ஒளிந்திருக்கும் இடங்கள். பார்த்தால் மட்டும் போதாது, விரலால் தடவவும் வேண்டும். கண்ணுக்குச் சாதாரணமாய்த் தெரிகிற புண்ணின் அடி விரலுக்குக் கெட்டியாய்த் தட்டுப்பட்டால் அது சாதாரணமானதல்ல.

வெள்ளைத் திட்டைக் கண்டால் முதலில் துணியால் துடைத்துப் பார்ப்பார்கள். பாலாடை போல உரிந்து வந்து, அடியில் சிவப்பாயிருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சை. கைக்குழந்தைகளுக்கும், ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு இன்ஹேலர் உபயோகிப்போருக்கும், இரவிலும் பல்செட்டைக் கழற்றாதவர்களுக்கும் இது வரும். பூஞ்சை மருந்தால் குணமாகும். காரணம் தெரியாமல் பெரியவர் ஒருவருக்கு வந்தால், சர்க்கரை வியாதிக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது.

துடைத்தும் போகாத வெள்ளை வேறு. இரு கன்னங்களிலும் கோலமிட்டது போல மெல்லிய கோடுகள் பின்னியிருந்தால் அது அநேகமாக லைக்கன் பிளானஸ் என்னும் வியாதி. எரிச்சல் இருந்தால் ஸ்டீராய்டு களிம்பு தருவார்கள். வேறெந்தக் காரணமும் சொல்லமுடியாத திட்டுக்கு லூக்கோபிளேக்கியா என்று பெயர். புகையிலை போடுவோருக்கும் புகைப்போருக்கும் இது அதிகம். எல்லாத் திட்டுகளும் புற்றாக மாறுவதில்லை; எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. வெள்ளையோடு சிவப்பு கலந்திருந்தாலோ, முழுவதும் வெல்வெட் போலச் சிவந்திருந்தாலோ ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். இதுவே பயாப்சி.

இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயம் கிராமங்களில் மட்டுமல்ல, படித்த குடும்பங்களிலும் இருக்கிறது. துண்டு எடுப்பதால் வாய்ப்புற்று பரவுவதில்லை. பயந்து தள்ளிப்போடும் மாதங்களில் அது வளர்ந்து கழுத்து நெறிகளுக்குப் போய்விடுகிறது.

பாக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். புகையிலைதான் கெட்டது, வெறும் பாக்கு கெடுதல் செய்யாது என்று நம்புகிறவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. அதற்கு முன்னரே பாக்கு இன்னொரு தீங்கைச் செய்கிறது. உட்சவ்வின் அடியில் நார் படிந்து இறுகுகிறது; சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். முதலில் ரசத்தின் காரம்கூட எரியும். பிறகு கன்னம் வெளுத்து, உள்ளே கயிறு போலத் தட்டுப்படும். வாய் கொஞ்சங் கொஞ்சமாகத் திறக்க மறுக்கும். உங்கள் கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் காட்டவேண்டியது அவசியம். பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது குறையலாம், ஆனால் படிந்த நார் பெரும்பாலும் தானாய்க் கரையாது. ஊசி மருந்து, அறுவை சிகிச்சை எது செய்தாலும், ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்லிடையே அடுக்கி வாயைத் திறக்கும் பயிற்சியைப் பல மாதங்கள் விடாமல் செய்யவேண்டும்.

வெறும் பார்வைப் பரிசோதனை உயிரைக் காக்குமா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாய்களைப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

கூரான பல் குத்திப் புண் வந்திருந்தால் பல்லைத் தேய்த்துச் சரிசெய்து இரண்டு வாரம் பார்க்கலாம். அதற்கு மேல் ஆறாத எந்தப் புண்ணுக்கும் களிம்பு மாற்றி மாற்றிப் போடுவது வீண். பல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது பாக்கு, புகையிலை, பல்லில் தேய்க்கும் பொடி எதையும் மறைக்காதீர்கள். குடும்பத்தார் முன் சொல்லக் கூச்சப்படும் பெண்கள் தனியே பேச வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.