பிளாக்கில் கை வைக்குமுன்: அக்காவின் டிப்ஸ்

ஆரக்கிள் டேட்டாஃபைலுக்குள் பைட் பைட்டாகத் திருத்த உதவும் கருவி பிபிஇடி. டிபிஏ வேலைக்குப் புதிதாக வரும் தங்கச்சிகள், இதை டேட்டாபேஸோடு இணைக்க யூசர்நேமையும் லிசனரையும் தேடுகிறார்கள். இரண்டும் வேண்டாம் கண்ணு. அது ஆரக்கிளைக் கேட்காமல் நேராக ஃபைலையே திறந்துவிடும். டேட்டாபேஸ் நிறுத்தியிருந்தாலும் திறக்கும். அதனால்தான் பயந்து பயந்து சொல்கிறேன்: ஆரக்கிள் சப்போர்ட் கூடவே இருந்து வழிகாட்டினால் ஒழிய, புரொடக்‌ஷனில் தொடவே தொடாதே. டெஸ்ட் மெஷினில் ஒரு காப்பி எடுத்துப் பழகு.

லினக்ஸில் ஆரக்கிள் 10ஜி-யில் இதை நாமே மேக் கொடுத்து லிங்க் செய்யணும். 11ஜி-யில் அதற்கான ஆப்ஜெக்ட் ஃபைல்கள் வராது, 10ஜி ஹோமிலிருந்து எடுத்துவரணும்.

இணைப்பு என்பதே லிஸ்ட்ஃபைல்தான். வி-டாலர்-டேட்டாஃபைலிலிருந்து ஃபைல் எண், முழுப் பாதை, பைட் அளவு மூன்றையும் இடைவெளி விட்டு எழுது, ஒரு வரிக்கு ஒரு ஃபைல். ஸ்பூல் எடுத்தால் தலைப்பையும் கடைசி வரியையும் மறக்காமல் நீக்கு. பாதையை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார். காப்பிக்குப் பதிலாக ஒரிஜினலின் பாதை அதில் இருந்தால், பிபிஇடி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காது.

பாராமீட்டர் ஃபைலில் மூன்று வரி போதும்: பிளாக்சைஸ், லிஸ்ட்ஃபைல், மோட். பிளாக்சைஸ் பெரும்பாலும் 8192. டேபிள்ஸ்பேஸுக்கு வேறு அளவு வைத்திருந்தால் அதைக் கொடு. மோட் முதலில் பிரவுஸ் ஆகவே இருக்கட்டும். எடிட்டுக்கு மாற்ற அவசரமே இல்லை.

ஒரு ரோ எந்த பிளாக்கில் இருக்கிறது என்று டிபிஎம்எஸ்_ரோஐடி சொல்லும். செட் டிபிஏ (இங்கே டிபிஏ என்பது டேட்டா பிளாக் அட்ரஸ்) கொடுத்து அங்கே போனதும் டம்ப் எடுக்காதே. முதலில் பிளாக் ஹெடரான கேசிபிஎச்-ஐப் பிரிண்ட் செய், அதிலுள்ள ஆர்டிபிஏ நீ தேடிய முகவரிதானா என்று பார். பழகுவதற்கு நல்ல பயிற்சி ஒன்று சொல்கிறேன்: ஒரு ரோவை டெலீட் செய்து கமிட் கொடு, பிளாக் டிஸ்குக்குப் போக ஒரு செக்பாயிண்ட்டும் கொடு. அந்த ரோவின் ஃபிளாக் 2சி-யிலிருந்து 3சி ஆகியிருப்பதைக் கண்ணால் பார்.

அதைத் திரும்ப 2சி ஆக்குமுன் அந்த டெஸ்ட் டேட்டாபேஸை முறையாக ஷட்டவுன் செய். ஓடிக்கொண்டிருந்தால் பஃபர் கேஷில் பழைய பிளாக் இருக்கும். டிபி ரைட்டர் அதை டிஸ்கில் எழுதினால் உன் திருத்தம் போச்சு.

இப்போது மோடை எடிட்டுக்கு மாற்றி, மாடிஃபை கொடுத்தபின் சம் அப்ளை கொடு. ஆஃப்செட் 16-இல் இருக்கும் செக்சம் புதிதாகாவிட்டால், அந்த பிளாக்கைப் படிக்கும்போது ஓஆர்ஏ-01578 வந்து நிற்கும். பிறகு வெரிஃபை. அது ஏதாவது குறை சொன்னால், உடனே டேட்டாபேஸைத் திறக்காதே. ரிவர்ட் கொடுத்து முதலிலிருந்து பார்.