நிலாவாரை: அதன் குணமும் விற்பவர் கடமையும்



நம்மவர் நடத்தும் மளிகைக் கடைகளிலும் நாட்டுமருந்துக் கடைகளிலும் ஏதேனும் ஒரு டப்பாவில் நிலாவாரை இல்லாமலிராது. வாடிக்கைக்காரர் கேட்பார், நாம் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்போம், காசை வாங்கிப் பெட்டியில் போடுவோம். அத்துடன் நம் வேலை முடிந்தது என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது பிழை என்பதை ஓர் அனுபவம் நமக்குக் கற்பித்தது. அதைப் பின்னர் சொல்வோம். முதலில் சரக்கை அறிவோம்.

பெயரும் பிறப்பிடமும்

நிலாவாரை, நிலவாகை என்று தமிழிலும், ஸனா என்று அரபியிலும் இதைச் சொல்வர். ஹிஜாஸ் வழியாக வணிகத்திற்கு வந்தமையால் ‘ஸனா மக்கீ’ என்ற பெயரும் உண்டு. இங்குள்ள மலாய் சகோதரர்களும் பெரும்பாலும் அப்பெயரையே சொல்லிக் கேட்கின்றனர். ஆங்கில வைத்திய நூல்களில் இதற்கு ‘டின்னவேலி சென்னா’ என்று பெயர். டின்னவேலி என்பது நம் திருநெல்வேலிதான்! கடையநல்லூர், தென்காசி, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து கடல் கடந்து வந்தோர் இதைக் கேட்டுச் சற்றே பெருமை கொள்ளலாம். அன்று ஒரே ஜில்லாவாயிருந்த அப்பகுதியிலிருந்து 1986இல் தூத்துக்குடியும், 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆயினும் இலையின் பெயரில் பழைய ஜில்லா அப்படியே நிற்கிறது.

இது இடுப்பளவு வளரும் மஞ்சள் பூச்செடி; நாமறிந்த ஆவாரைக்கு நெருங்கிய உறவு. சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தேரி ஓரங்களில், வடகிழக்குப் பருவமழையை நம்பி இதை விதைக்கின்றனர். வேறு பயிர் வாடிப்போகும் வறண்ட நிலத்திலும் இது நிற்கும். இலையைப் பறித்து, பச்சை நிறம் மாறாதபடி நிழலில் பரப்பி உலர்த்துவர். பின்பு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஜெர்மனி, அமெரிக்கா முதலிய தேசங்களுக்குக் கப்பலேறும். அங்கே மாத்திரையாகவும் தேயிலைப் பையாகவும் உருமாறி, சில வேளை நம் ஊர் மருந்துக் கடைக்கே திரும்பி வருவதுமுண்டு.

இனம் காணல்

இங்கே வணிகர் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. தூத்துக்குடிப் பக்கத்தில் விவசாயிகள் இந்த நிலாவாரையையே ‘அவுரி’ என்பர். ஆனால் சித்த வைத்தியத்தில் அவுரி என்றால் நீலச்சாயம் எடுக்கும் நீலிச் செடி. அதன் பொடியைத்தான் மருதாணியுடன் தலைமுடிக்குப் பூசுகின்றனர். ஒரே பெயர், இரண்டு சரக்கு! முடிக்குக் கேட்டவருக்கு வயிற்றுச் சரக்கைக் கொடுத்தால் நரை கருக்காது, அவ்வளவுதான். வயிற்றுக்குக் கேட்டவருக்குச் சாயப்பொடியைக் கொடுத்தால் அது நம்பிக்கைத் துரோகமாகும். ஆகவே அவுரி என்று கேட்பவரிடம், “எதற்கு?” என்று கேட்டபின் டப்பாவைத் திறப்பது நலம்.

நல்ல நிலாவாரை இலை ஒன்று முதல் இரண்டு அங்குல நீளமிருக்கும். ஈட்டி முனைபோல் கூர்ந்திருக்கும். மஞ்சள் கலந்த இளம் பச்சை நிறம். காம்பருகே இலையின் இரு பாதியும் ஒத்திராமல் ஒன்று சற்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கும். வாயிலிட்டால் முதலில் வழவழப்பும் பின்பு சிறு கசப்பும் தோன்றும். ஆவாரை இலையைக் கலப்போரும் உண்டு; அதன் நுனி மழுங்கியிருக்கும். நீலி இலையோ சிறியது. உலர்ந்தால் கருநீலம் பாயும். பொடியாக வாங்கினால் இவற்றில் எதையும் கண்ணால் காண இயலாது. ஆதலின் இலையாக வாங்கிக் கடையில் பொடிப்பதே மேல்.

ஹதீஸில் ஸனா

அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஒரு செய்தி திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. மலச்சிக்கலுக்கு எதை உபயோகிக்கிறீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஷுப்ரும் என்னும் கடுமையான பேதிச் சரக்கை அவர் சொன்னபோது, அது மிகச் சூடானது என்றார்கள். பின்னர் அவர் ஸனாவுக்கு மாறியபோது, மரணத்திற்கு மருந்து ஒன்று உண்டாயின் அது ஸனாவாக இருந்திருக்கும் என்ற கருத்தில் அதைச் சிறப்பித்தார்கள் என்பது செய்தி. இதைக் ‘கரீப்’ என்னும் வகையில் இமாம் திர்மிதீ குறித்துள்ளார். அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் கண்ட அறிஞர்களும் உண்டு.

சிலர் இதன் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸனா சகல நோய்க்கும் மருந்து என்று விற்கின்றனர். 2020இல் பாகிஸ்தானில் கொரோனாவை இது தீர்க்கும் என்ற வதந்தி பரவி, விலை பன்மடங்கு ஏறிற்று. நோய் தீர்ந்ததாக நிரூபணம் ஏதுமில்லை. செய்தியின் முற்பகுதியை நோக்குவோம். பேச்சே மலச்சிக்கலைப் பற்றியது. கடுமையானதை விட்டு மென்மையானதைத் தேர்ந்துகொள் என்பதே நாம் அதிற் பெறும் படிப்பினை. நேர்வாளத்தைத் தவிர்த்து நிலாவாரையைக் கொடுத்த நம் முன்னோரும் அவ்வழியே நடந்தனர்.

வேலை செய்யும் விதம்

இலையில் செனோசைடு என்னும் சத்து நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்கு அளவில் உள்ளது. இது இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்யாது கடந்து போகும். பெருங்குடலை அடைந்தபின் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிரித்து வேறொரு பொருளாக்கும். அப்பொருளே குடலை அசைத்து, நீர் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, மலத்தை இளக்குகிறது. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் இரவு படுக்கும்போது உண்டால் காலையில் பலன் தெரிகிறது. இரவில் உண்டவர் ஒரு மணி நேரத்தில் பலனில்லை என்று மேலும் ஒரு பங்கு உண்பாராயின் மறுநாள் அவதிப்படுவார்.

பெரியவர்களுக்கு உலர்ந்த இலை ஒன்று முதல் இரண்டு கிராம் போதும். காயாக உண்டால் வேகம் சற்றுக் குறைவு. வயிற்றை முறுக்காதிருக்க முன்னோர் சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் சேர்த்து நிலவாகைச் சூரணமாகச் செய்தனர். சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போகலாம். அதற்கு அஞ்ச வேண்டாம்.

ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்து உண்ணலாகாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கலாகாது. காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, குடலடைப்பு, குடற்புண் உள்ளோர் தொடவே கூடாது.

உடல் மெலியுமா?

இக்காலத்தில் மெலிவுத் தேநீர் என்ற பெயரில் இவ்விலை பெரிதும் விற்பனையாகிறது. உணவின் சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடும். நிலாவாரை வேலை செய்வதோ அதற்கப்பால் பெருங்குடலில். ஆகவே கொழுப்புக் குறையாது. நீரும் உப்புச் சத்தும்தான் வெளியேறும். தராசு முள் இறங்குவதும் மறுநாள் தண்ணீர் குடித்தால் ஏறிவிடும். செனோசைடு கலந்த மெலிவுச் சரக்குகள் குறித்துச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையமும் பொதுமக்களை எச்சரித்துள்ளது.

நாம் கற்ற பாடம்

இனி முன்பு சொன்ன அனுபவம். நம் கடைக்கு வாரந்தவறாமல் ஒரு பெரியவர் வருவார். “தம்பி, அந்த இலை” என்பார். பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நாமும் கட்டிக் கொடுப்போம். இவ்வாறு பல மாதங்கள் சென்றன. பின்பு மூன்று வாரம் அவரைக் காணோம். நாலாம் வாரம் அவர் மகள் பாதிப் பொட்டலத்தைக் கையிலேந்தி வந்தார். பெரியவர் குளியலறையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். இதயத்திற்கு டிகாக்ஸின் மாத்திரையும், கால் வீக்கத்திற்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்பவர். நீர் மாத்திரையும் தினசரிப் பேதியும் சேர்ந்து உடம்பிலிருந்த பொட்டாசியத்தை இறக்கிவிட்டன. அது இறங்கினால் அந்த இதய மாத்திரையே நஞ்சுபோலாகி நாடித்துடிப்பைக் குலைக்கும் என்று டாக்டர் விளக்கினாராம்.

“அண்ணே, தினமும் சாப்பிடலாமான்னு வாப்பா உங்ககிட்ட கேட்டாங்களா?” என்றுதான் அந்தப் பெண் கேட்டார். கோபமில்லை. அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் பெரியவர் பிழைத்தார். இன்றும் கடைக்கு வருகிறார். இப்போது வாங்குவது அத்திப்பழமும் இசப்கோல் உமியும், அதுவும் டாக்டரைக் கேட்டபின்.

வைத்தியம் அறியாதவன் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. மதரஸாவில் அதை ஓதியபோது அது ஹகீம்களுக்குச் சொன்னதென்று எண்ணினோம். தராசு பிடிப்பவனுக்கும் அதில் பங்குண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அதுமுதல் நிலாவாரை டப்பாவின்மேல் நான்கு கேள்விகளை எழுதி ஒட்டியுள்ளோம். கடைப் பையனும் கேட்கிறான். யாருக்கு? எத்தனை நாளாக? வேறு மாத்திரை உண்டா? வயிற்றில் வலி உண்டா? பொட்டலத்தின்மேல் ‘இரவில் மட்டும், ஒரு வாரத்திற்குள்’ என்று எழுதிக் கொடுக்கிறோம். மறுவாரமும் அதையே கேட்டு வருவோரை டாக்டரிடம் போகச் சொல்கிறோம். இதனால் விற்பனை சிறிது குறைந்தது உண்மை. குறைந்த அந்தப் பணம் நமக்கு ஹலாலாக இருந்திருக்குமா என்பது நமக்கே சந்தேகம்.

சகோதரர்களும் தத்தம் கடைகளில் இவ்வாறு செய்யலாம். அளவையில் குறை செய்யாதிருப்பதோடு, அறிந்ததைச் சொல்வதிலும் குறை செய்யாதிருப்போமாக. அல்லாஹு தஆலா நம்மனைவரின் வாணிபத்திலும் பரக்கத்தை நல்குவானாக. ஆமீன்.