பூனைக்குத் தண்ணீர் வைப்பது எப்படி?

பூனை வளர்க்கிறோம் என்று சொன்னதும், "தினமும் எவ்வளவு பால் வைக்கிறீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஒரு சொட்டுகூட வைப்பதில்லை. தாய்ப்பால் மறந்தபின், பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். ஆசையாகக் குடிக்கும்; பிறகு வயிற்றால் போகும். தாயில்லாத குட்டிகளுக்குக்கூடப் பசும்பாலை விட, பூனைக்குட்டிக்கென்றே கடையில் கிடைக்கும் பால் பவுடர்தான் நல்லது. வளர்ந்த பூனைக்குத் தண்ணீர் போதும். ஆனால் அதைக் குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடம்பில் உள்ள ஈரத்தை வைத்தே அது காலம் தள்ளியது. அந்தச் சுபாவம் இன்னும் போகவில்லை. தாகம் எடுத்தாலும் பூனை தண்ணீரைத் தேடிப் போவது குறைவு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு உணவில் உள்ளதையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். மீன், கோழி, டப்பா உணவு ஆகியவற்றில் முக்கால் பங்கு தண்ணீர்தான். பாக்கெட் உலர் உணவிலோ பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். உலர் உணவை மட்டுமே தின்னும் பூனை நிறையக் குடித்தாக வேண்டும்.

எங்கள் மணி கிண்ணத்தில் நேராக வாய் வைக்க மாட்டான். முன்னங்காலை விட்டு ஒரு கலக்கு கலக்கி, பாதத்தை நக்கிப் பார்த்த பிறகுதான் குனிவான். மூக்கருகில் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. அசையாத நீரின் மட்டம் புரியாமல்தான் தொட்டுப் பார்க்கிறான் போலிருக்கிறது. சுந்தரிக்கோ கிண்ணமே ஆகாது. சமையலறைக் குழாய் சொட்டினால் போதும், தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அவள் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நாக்கின் நுனி நீரைத் தொட்டதும் சட்டென்று மேலே போகும். கூடவே நூல்போல எழும் நீரை வாய் கவ்விக்கொள்ளும். நொடிக்கு நான்கு முறை இப்படி நடப்பதை 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார்கள்.

இந்த இரண்டு பேரிடமும் நான் கற்றுக்கொண்டவை:

* மீசை இடிக்காத அகலக் கிண்ணமாக வையுங்கள். பீங்கானோ எவர்சில்வரோ நல்லது. பிளாஸ்டிக்கில் வாடை தங்கிவிடும்.
* சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.
* காலையும் மாலையும் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் ஓர் ஐஸ் கட்டியைப் போட்டால் விளையாடிக்கொண்டே குடிக்கும்.
* உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, உலர் உணவின் மேல் கொஞ்சம் ஊற்றலாம்.
* குடிக்கவில்லையே என்று வாயில் வலுக்கட்டாயமாகப் புகட்டாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

ரசமும் குழம்பும் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காபி, டீ, மது ஆகியவற்றுக்கும் இதே தடைதான். லில்லிப் பூ வைத்த ஜாடித் தண்ணீர் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். நம் வீடுகளில் அதிகம் கவனிக்க வேண்டியது பினாயில் வாளி. தரை துடைத்ததும் அதைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். தரை காயும்வரை பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். பாதத்தில் ஒட்டியதை நக்கினாலும் ஆபத்துதான், ஏனென்றால் பீனாலைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

வயதான பூனை திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் சந்தோஷப்படாதீர்கள். சிறுநீரகக் கோளாறாகவோ சர்க்கரை நோயாகவோ இருக்கலாம். கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடித்துவிடும். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.