குத்துமதிப்பின் எல்லை

ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'கெஸ்டிமேட்' என்றொரு சொல் உண்டு. 'கெஸ்' என்றால் ஊகம். 'எஸ்டிமேட்' என்றால் மதிப்பீடு. இவ்விரண்டையும் ஒட்டி ஒரு சொல்லாக்கி, 1930-களில் அமெரிக்கப் புள்ளியியலார் வழங்கத் தொடங்கினர். முழு விவரமும் கைக்கு வராதபோது, தெரிந்தவற்றைக் கொண்டு ஊகித்துக் கூறும் கணக்கு என்பது அதன் பொருள்.

நமக்கு இது புதியதன்று. குத்துமதிப்பு, உத்தேசம், தோராயம் எனப் பல சொற்கள் நம் கிராமங்களில் வழங்குகின்றன. 'சுமார்' என்பதும் அவ்வகையே. பாரசீக மொழியில் அதற்கு எண்ணிக்கை என்று பொருள். நம்மிடம் வந்தபின் எண்ணாமற் சொல்லும் தொகைக்கு அது பெயராயிற்று!

குத்துமதிப்பு இழிவானதன்று. கரிசற்காட்டு உழவர் பருத்தியின் காய்ப்பைப் பார்த்தே விளைச்சலைக் கூறுவர். கண்மாயில் வண்டல் எடுக்க வேண்டுமானால் நாமும் அவ்வாறே தொடங்குகிறோம். நீளம் 30 மீட்டர், அகலம் 20 மீட்டர், ஆழம் அரை மீட்டர் எனில் 300 கன மீட்டர் மண். ஒரு டிராக்டர் நடைக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் 100 நடை. இதனை '80 முதல் 120 நடை வரை' என்று சொல்வதே நேர்மை. ஊகத்தை ஊகமென்றே கூறுதல், கீழெல்லையும் மேலெல்லையும் சொல்லுதல், பின்னர் அளந்து சரிபார்த்தல் ஆகிய மூன்றும் நல்ல குத்துமதிப்பின் இலக்கணம்.

பிறர் பொருள் சார்ந்த இடத்தில் இது போதாது. ஆதலின் பயிர்க் காப்பீட்டுக்காகத் தேர்ந்த வயல்களில் பயிரை அறுத்து, எடை நிறுத்து, விளைச்சலைக் கணக்கிடுகின்றனர்.

உயிர் சார்ந்த இடத்திலோ குத்துமதிப்புக்கு இடமே இல்லை. சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறை அத்தகையது. கலவையின் அளவு மாறினால் எரியும் வேகம் மாறும்; உராய்வில் தீப்பற்றும் தன்மையும் மாறும். தேவைக்கு மிஞ்சிக் கலந்து மீதம் வைத்தாலும் ஆபத்தே. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானே சூடேறக் கூடும். எனவேதான் ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதை 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் உரிமமும் வரையறுக்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டதை இவ்வட்டாரம் மறவாது.

"கை பழகிவிட்டது, தராசு எதற்கு?" என்று கேட்போர் இன்றும் உளர். பழகிய கையும் ஒருநாள் தவறும். வண்டற் கணக்குப் பிழைத்தால் சிறிது பணம் போகும். மருந்துக் கணக்குப் பிழைத்தால் குடும்பங்கள் அழியும். வேலைக்குச் செல்லும் நம் சகோதர சகோதரிகள் தராசையும் விதியையும் கேட்டுப் பெறுவது அவர்தம் உரிமை. கண்மாய்க் கரையில் குத்துமதிப்பு நமக்குத் துணை. மருந்து அறைக்குத் தராசே துணை.