யாருடைய பெயரில் காணி?
பால்நிலைக் கற்கை தரும் ஒரு பாடம்

இந்தப் பாடத்தைத் தனியே வாசிப்பதிலும் பார்க்க நாலைந்து குடும்பங்கள் கூடியிருந்து வாசிப்பது நல்லது. ஒருவர் உரத்து வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே எமது நிபந்தனை.

மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றில் நாம் நடத்திய கூட்டத்தில் விதைநெல் விநியோகம் பற்றிய பேச்சு வந்தது. எல்லா வீட்டுக்கும் கிடைத்ததா என்று கேட்டோம். முன்னால் இருந்த கமக்காரர் ஒருவர், "என்னட்டைத் தந்தால் வீட்டுக்குத் தந்த மாதிரித்தானே, பாதர். நானும் மனிசியும் வேறை வேறையோ?" என்றார். பலரும் தலையாட்டினார்கள். பின்னால் நின்ற அவருடைய மனைவி சற்றுப் பொறுத்து, "நெல்லு வந்த கதையே பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிலை கொஞ்சத்தை வித்துக் கடன் கட்டினது அதுக்குப் பிறகுதான் தெரியும்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கமக்காரர் சிரிக்கவில்லை.

அவர் கெட்ட மனிதரல்லர். அந்தக் கடனும் வீட்டுக்காகப் பட்ட கடன்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. ஒருவர் கையில் கொடுத்தால் அது வீடு முழுவதற்கும் கொடுத்ததாகுமா? பால்நிலைக் கற்கை என்ற துறை கடந்த 50 ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. நிவாரணத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் படிவம் நிரப்பும் எம்மவர்க்கு இது வெறும் ஏட்டுப் படிப்பன்று.

பாலும் பால்நிலையும்

பிள்ளையைப் பெறுவதும் பாலூட்டுவதும் இயற்கை பெண்ணுக்குக் கொடுத்தவை. இது பால். நாற்று நடுவது பெண், உழுவது ஆண், கமக்காரர் அமைப்பில் பேசுவது ஆண், உறுதியில் பெயர் எழுதப்படுவது ஆண் என்பன மனிதர் வகுத்துக்கொண்டவை. இது பால்நிலை. மனிதர் வகுத்தது ஊருக்கு ஊர் மாறும். காலத்துக்குக் காலமும் மாறும்.

நெற்செய்கையை ஆண்களின் தொழில் என்றே நாம் எண்ணுகிறோம். மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவிலோ நெல் பெண்களின் பயிர். ஆண்கள் நிலக்கடலையும் தினை வகைகளும் செய்ய, ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்து வந்தவர்கள் பெண்களே.

இத்துறைக்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்றை டென்மார்க் நாட்டுப் பொருளியலாளர் எஸ்டர் போசரப் 1970இல் வெளியிட்டார். ஆபிரிக்காவின் பல பகுதிகளில் கமத்தின் பெரும்பங்கைப் பெண்களே செய்துவந்தனர். ஆனால் குடியேற்ற ஆட்சியாளர் புதிய பயிர்களையும் கருவிகளையும் பயிற்சியையும் ஆண்களிடமே கொடுத்தனர். இதனால் அபிவிருத்தி வரவரப் பெண்கள் பின்தள்ளப்பட்டனர் என அவர் எடுத்துக்காட்டினார். 1975ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச பெண்கள் ஆண்டாக அறிவித்தது. அதன்பின் உலகெங்கும் பெண்களுக்கென்று தனித் திட்டங்கள் தோன்றின. தையல் இயந்திரம், கோழிக் கூடு, வீட்டுத்தோட்டம் என்பவற்றை நாமும் அறிவோம்.

1980களில் இவற்றின்மீது விமர்சனம் எழுந்தது. காணி, கடன், நீர் என்ற பெரிய விடயங்களைத் தொடாமல், ஓரத்தில் ஒரு பெண்கள் திட்டத்தை ஒட்டிவிட்டால் போதுமா என்று கேட்டனர். பெண்ணை மட்டும் தனியே பார்ப்பதை விட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள உறவையும் அதிகாரத்தையும் பார்க்க வேண்டும் என்றனர். 1985இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் வகுத்த முறையின் அடிப்படைக் கேள்விகள் எளியவை. வேலையை யார் செய்கிறார்? வளத்தை யார் பயன்படுத்துகிறார்? அதைப் பற்றி யார் தீர்மானிக்கிறார்? பயன்படுத்துவது வேறு, தீர்மானிப்பது வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

காம்பியாவின் வயல்

காம்பியாவுக்கு வருவோம். அங்கே மண்டிங்கா மக்களிடம் வயலில் இரு வகை உண்டு. குடும்பம் முழுவதும் பாடுபட்டு, குடும்பத்தலைவர் பொறுப்பில் விளைவைக் களஞ்சியத்தில் சேர்ப்பது ஒன்று. இதனை மருவோ என்பர். ஒருவர் தம் சொந்தப் பாட்டில் செய்து, விளைவைத் தாமே வைத்துக்கொள்வது மற்றது, இது கமன்யாங்கோ. பெண்கள் தாமே திருத்திய சதுப்பு வயல்களின் விளைவு அவர்களுடையதாக இருந்தது.

1960களின் பிற்பகுதியிலிருந்து நீர்ப்பாசனத் திட்டங்கள் வந்தன. நெல் விளைவித்தவர்கள் பெண்களாயிருக்க, விதையும் உரமும் கடனும் பயிற்சியும் ஆண்களுக்குப் போயின. ஆய்வாளர் ஜெனி டே இதனை 1981இல் எழுதினார். பின்னர் 1984இல் தொடங்கிய ஜஹாலி பச்சார் என்ற பெருந்திட்டத்தில் இந்தப் பிழையைத் திருத்த முயன்றனர். வயற்றுண்டுகளைப் பெண்களின் பெயரிலும் பதிந்தனர். ஆனால் அத்துண்டுகள் நடைமுறையில் குடும்பத்துக்குரிய மருவோ வயல்களாகவே கொள்ளப்பட்டன. விளைவைக் குடும்பத்தலைவரே ஆண்டார். ஆண்டுக்கு இரு போகம் என்பதால் பெண்களின் வேலை பெருகியது. சொந்த விளைவோ குறைந்தது. சிலர் தமது உழைப்புக்குக் கூலியோ பங்கோ கேட்டனர். சிலர் திட்டத்தை விட்டே விலகினர். காகிதத்தில் பெயர் இருந்தது. தீர்மானம் வேறு கையில் இருந்தது.

ஒரே வீட்டில் இரு விளைச்சல்

இதே மேற்கு ஆபிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டில், ஒரு வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு வயற்றுண்டுகள் உண்டு. அந்நாட்டுக் கிராமங்களில் 1980களில் திரட்டப்பட்ட கணக்குகளைக் கிறிஸ்தோபர் யுட்ரி என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், ஒரே பயிரைச் செய்தபோதும் பெண்களின் துண்டுகளில் விளைச்சல் சுமார் 30 வீதம் குறைவாக இருந்தது. பெண்களுக்குத் திறமை குறைவா? இல்லை. எருவில் ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் துண்டுகளுக்கே போயிற்று. அவற்றுக்குக் கூடுதல் வேலைக்கைகளும் கிடைத்தன. இருக்கும் எருவையும் உழைப்பையும் இரு பக்கத்துக்கும் சரியாகப் பகிர்ந்திருந்தால் மொத்த விளைச்சல் சுமார் 6 வீதம் கூடியிருக்கும் என அவர் கணக்கிட்டார். பட்டிக்கு அருகில் உள்ள வயலுக்கே எருவைக் கொட்டிக்கொண்டிருந்தால் தூரத்து வயல் மெலியும் என்பது கமக்காரர்க்குத் தெரியாததன்று.

இத்தகைய ஆய்வுகள், குடும்பம் ஒரே மனமும் ஒரே பணப்பையும் உள்ளது என்ற பழைய எண்ணத்தை அசைத்தன. குடும்பத்தில் ஒத்துழைப்பும் உண்டு, முரண்பாடும் உண்டு, இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்றார் அமர்த்தியா சென் 1990இல். நாளை உறவு முறிந்தால் ஒருவருக்கு மிஞ்சுவது என்ன என்பதைப் பொறுத்தே இன்று அவருடைய சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்கும்.

எமது காணிகள்

இனி எமது நாட்டைப் பார்ப்போம். வன்னிக் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்ற பலரிடம் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டைய இச்சட்டத்தின் அட்டவணையில், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்துக் காணி யாருக்குப் போகும் என்ற ஒழுங்கு இருந்தது. மகளுக்கு முன் மகன், பேத்திக்கு முன் பேரன், தாய்க்கு முன் தந்தை, சகோதரிக்கு முன் சகோதரன். 2022ஆம் ஆண்டின் திருத்தமே இந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. இடையில் 87 ஆண்டுகள் கழிந்தன.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை வேறொரு பாடத்தைத் தருகிறது. சீதனமாகக் காணி மகளுக்குக் கொடுக்கப்படும். எனவே எமது பெண்களுக்குக் காணி உண்டு என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தனது சொந்த அசையாச் சொத்தை உயிருடன் இருக்கும்போது பிறருக்குக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். பெயர் அவளுடையது, கையொப்பம் இருவருடையது. இந்தியப் பொருளியலாளர் பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட பெருநூலில், காணியை உடைமையாகக் கொண்டிருப்பதும் அதனை ஆளுவதும் ஒன்றல்ல என்பதற்கு யாழ்ப்பாணத்தையும் எடுத்துக்கொண்டார்.

கிழக்கில் நடந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அவ்வீடுகள் அழிந்தன. வேறிடத்தில் காணியும் வீடும் வழங்கியபோது, பல இடங்களில் அவை குடும்பத்தலைவர் என்ற பெயரில் கணவனுக்கே எழுதப்பட்டன. தாய் வழியாக வந்த வீட்டைக் கடல் கொண்டுபோயிற்று. அந்த வீட்டுக்கிருந்த உரிமையைப் படிவம் கொண்டுபோயிற்று. வேண்டுமென்று யாரும் செய்ததன்று. படிவத்தில் ஒரு பெயருக்கு மட்டுமே இடமிருந்தது. இத்தனைக்கும் நாட்டின் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத் தலைமை தாங்குபவர் பெண்.

இன்றைய விவாதங்கள்

இத்துறையில் எல்லோரும் ஒரே கருத்துடையவர் என்று நினைக்கவேண்டாம். மூன்று விவாதங்களைச் சொல்வோம்.

முதலாவது, பயனா உரிமையா என்பது. உலக உணவு விவசாய நிறுவனம் 2011இல் ஒரு கணக்குச் சொன்னது. பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான வளங்கள் கிடைத்தால் அவர்களது கமத்தின் விளைச்சல் 20 முதல் 30 வீதம் வரை கூடலாம் என்பதே அது. நல்ல வாதந்தான். ஆனால் விளைச்சல் கூடாவிட்டால் உரிமை இல்லையா என்று சிலர் கேட்கின்றனர். ஆணுக்குக் காணி கொடுக்கும்போது நாம் விளைச்சல் கணக்குக் கேட்பதில்லையே என்பது அவர்கள் நியாயம். அத்துடன், உலக உணவில் 60 முதல் 80 வீதத்தைப் பெண்களே விளைவிக்கின்றனர் என்று மேடைகளில் சொல்லப்படுவதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்பதையும் அந்நிறுவன அறிக்கையே ஒப்புக்கொண்டது. நல்ல காரியத்துக்கும் பொய்க் கணக்கு உதவாது.

இரண்டாவது, எந்தப் பெண் என்பது. 1989இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற அமெரிக்கக் கறுப்பினச் சட்ட அறிஞர், இனத்தாலும் பாலாலும் ஒருங்கே ஒடுக்கப்படுபவரின் துன்பத்தை ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து விளங்க முடியாது என்றார். எமது முகாம்களிலும் பத்து ஏக்கர் உறுதி உள்ளவரின் மனைவியும், தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்ட காணியற்ற பெண்ணும் அருகருகே இருந்தார்கள். முன்னவருக்கு உறுதியில் பெயர் சேர்ப்பது பெரிது. பின்னவருக்குச் சேர்ப்பதற்கு உறுதியே இல்லை. சாதியையும் காணியின்மையையும் பேசாமல் பெண்கள் என்று மட்டும் பேசினால் அவர் மறுபடியும் பின்வரிசையில் நிற்பார்.

மூன்றாவது, ஆண்கள் பற்றியது. ஆண்மை என்பதும் சமூகம் வகுத்தது, அதிலும் பல வகை உண்டு என்பதை 1995இல் வெளிவந்த கொனெல் என்பவரின் நூல் விரிவாக ஆராய்ந்தது. உழைத்துக் கொடுப்பவனே ஆண் என்று வளர்க்கப்பட்டவர், வயலும் மாடும் இழந்து நிவாரண வரிசையில் நின்றபோது என்ன ஆனார் என்பதை நாம் கண்ணால் கண்டோம். சிலர் பேச்சிழந்தார்கள், சிலர் குடிக்குள் விழுந்தார்கள், அந்தக் கோபம் வீட்டின்மேல் விழுந்தது. அது அடித்ததற்கு நியாயமாகாது. ஆனால் மருந்து தேடுவோர் நோயின் வேரை அறிய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பெண்ணின் பெயரையும் எழுதினால் குடும்பம் பிரியும், காணி துண்டுபடும் என்று அஞ்சுவோர் உண்டு. காகிதத்தில் இரண்டு பெயர் எழுதுவதால் வயலில் புதிய வரம்பு போடவேண்டியதில்லை. இருவர் ஒப்பமிட்டால்தான் விற்கலாம் என்றிருந்தால், அவசரத்தில் ஒருவர் காணியை அடகு வைப்பதும் குறையும்.

உங்கள் உறுதியை அல்லது அனுமதிப்பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். யார் பெயர் உள்ளது? பின்னுரித்தாளர் நியமிக்கப்பட்டுள்ளாரா? மனைவியையும் அவ்வாறு நியமிக்கலாம். காணிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். புதிய வீடோ காணியோ வரும்போது, இருவர் பெயரையும் எழுத இடமுண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். தனியே கேட்பதிலும் பார்க்கச் சங்கமாகச் சென்று கேட்பது பலம்.

அந்தக் கமக்காரரை அடுத்த கூட்டத்திலும் கண்டோம். இம்முறை மனைவி அவருக்குப் பக்கத்தில் இருந்தார். உரமானியப் படிவம் அவருடைய கையில்தான் இருந்தது. ஆனால் நிரப்பும்முன் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இது சிறிய மாற்றந்தான். படிவத்தில் இரண்டாவது பெயருக்கான கோடு இன்னும் இல்லை.

கலந்துரையாடலுக்கு

1. நேற்று விடியற்காலை முதல் இரவு வரை உங்கள் வீட்டில் யார் என்ன வேலை செய்தார்? கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதி, பின்பு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. உங்கள் வீட்டில் காணி, மாடு, நகை, சேமிப்புப் புத்தகம் ஆகியவற்றை யார் பயன்படுத்துகிறார்? விற்பதா வேண்டாமா என்று யார் தீர்மானிக்கிறார்?

3. உங்கள் கிராமத்தில் உறுதியே இல்லாத குடும்பங்கள் எவை? அவர்களுக்காகச் சங்கம் எங்கே பேசலாம்?

4. மகனுக்கும் மகளுக்கும் எதைக் கொடுக்கப்போகிறீர்கள்? அதை அவர்களுடன் பேசியிருக்கிறீர்களா?