கூத்து மேடையும் கூட்டுறவுச் சங்கமும்

கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் பொதுநல நிதி என்றொரு தலைப்பு உண்டு. நிகர இலாபத்தில் காப்பு நிதி முதலியவற்றுக்கு ஒதுக்கியது போக, துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், அங்கத்தினரின் கல்விக்கும் பொது நன்மைக்குமாக ஒரு சிறு பகுதியை எடுத்து வைப்பர். ஆய்வுக்காகச் சங்கங்களுக்குச் செல்லும் எம்போன்றோர் இத்தலைப்பில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே காண்கிறோம். தொகை ஆண்டுதோறும் கைபடாமல் கிடக்கும். அன்றேல், நாட்காட்டி அச்சிடுவதிலும் ஆண்டு விழாவில் இனிப்புப் பொட்டலம் வழங்குவதிலும் கரைந்திருக்கும். அத்தொகையை ஊரிலுள்ள நாடக மன்றத்திற்கோ, பாட்டுக் குழுவுக்கோ, படிப்பகத்திற்கோ உதவலாமே என்று சொன்னால், பேரவைக் கூட்டத்தில் உடனே ஒரு குரல் எழும்: "நூல் வாங்கவே வழியைக் காணோம், மேளம் எதற்கு ஐயா?"

இக்கேள்வியை எள்ளி நகையாடுதல் தகாது. தறி நின்ற வீட்டிலிருந்து வரும் கேள்வி இது. ஆயினும் இதற்கு விடை நம் இயக்கத்தின் பிறப்பிலேயே இருக்கிறது என்பதை அங்கத்தினர் அறிதல் வேண்டும்.

1844 டிசம்பர் 21 ஆம் நாள், இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு ஊரில் 28 பேர் கூடி ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களில் நெசவாளர் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களே அன்று அவர்களிடம் இருந்த சரக்கு. கூலி குறைந்து, வேலைநிறுத்தம் தோற்று, வறுமை மிகுந்திருந்த காலம் அது. அத்தகையோர் கடை சிறிது தலைதூக்கியதும் செய்த வேலைகளுள் ஒன்று, அதன் மாடியில் படிப்பறை அமைத்தது. 1853 முதல் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். வயிறு நிறைந்த பிறகு அறிவு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஒன்றாய் உட்கார்ந்து படிக்கவும் பேசவும் கேட்கவும் பழகாதவர் ஒன்றாய்க் கடை நடத்த இயலாது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

புதுவையில் உள்ள நமக்கு இச்செய்தி தொலைவானதன்று. இந்நகரில் பொது நூலகம் 1827 இல் தோன்றியது. பின்னாளில் ரொமேன் ரோலண்டின் பெயரைப் பெற்றது அதுவே. பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்தார். அவரைப் பின்பற்றிய புதுவைக் கவிஞர் பாரதிதாசன், 'கூடித் தொழில் செய்க' என்ற தலைப்பிலேயே ஒரு பாடல் இயற்றி, 1938 இல் வெளியான தம் முதற் கவிதைத் தொகுதியில் சேர்த்தார். கூட்டுறவு அலுவலர் பத்துச் சுற்றறிக்கைகளில் சொல்ல முயலும் பொருள் அப்பாடலில் இருக்கிறது. நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் திரைப்படப் பாட்டு ஒலிக்கக் கேட்கிறேன். அப்பாடலை இதுவரை கேட்டதில்லை.

இந்நகரின் ஆலைகள் ஒரு காலத்தில் உழைப்பாளரை ஒன்றுகூட்டின. 1936 ஜூலை 30 ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரு தொழிலாளர் உயிர் துறந்த வரலாறு, அவர்கள் ஒன்றுபட்டு நின்றதன் வரலாறும் ஆகும். 1898 இல் தோன்றிய ஏ.எப்.டி. ஆலை 2020 இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் ஓய்ந்துவிட்டன. ஆலை மூடும்போது கூலியோடு, நாள்தோறும் கூடும் இடமும் போய்விடுகிறது. கைத்தறிக்காரர் நிலையோ முன்பே அத்தகையது: ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் குழித்தறியில் தனித்து அமர்ந்திருக்கிறார். உழவரும் தத்தம் வயலில் தனித்து நிற்கிறார். ஆண்டுக்கொரு முறை பேரவைக்கு வந்து கையொப்பமிட்டுச் செல்வதால் மட்டும் இவர்கள் ஒரு சங்கமாகிவிடுவரா?

இவ்விடத்தில் கலை மன்றங்களின் கதையைச் சற்று ஊன்றிப் பார்ப்போம்.

புதுவை நகரை அடுத்த கருவடிக்குப்பத்தில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் உள்ளது. 1867 இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், இளமையில் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதியவர். கணக்கை விட்டு நாடகத்திற்கு வந்தவர் என்பது எம் துறையினர்க்குச் சிறிது உவப்பான செய்திதான்! தமிழ் நாடக மேடை, நடிகர் வாய்க்கு வந்ததைப் பேசும் கட்டற்ற நிலையில் இருந்தபோது, பாட்டும் உரையாடலும் வரையறுத்து எழுதி, பாடம் சொல்லி, ஒழுங்கு செய்தவர் அவர். 1918 இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் அவரே ஆசிரியர். பின்னர்ப் புகழ்பெற்ற டி. கே. எஸ். சகோதரர்கள் அச்சபையிற் பயின்றவர்கள், அவர்களுள் டி. கே. சண்முகம் சேர்ந்தபோது வயது ஆறு. 1922 நவம்பர் 13 ஆம் நாள் சுவாமிகள் புதுவையில் மறைந்தார்.

பால சபைகளை நாம் பொற்காலமாகப் புனைந்துரைக்க வேண்டியதில்லை. சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து, அடியும் வசவும் பட்டு, ஊர் ஊராய் அலைந்தனர். இரவு வசூலாகும் நுழைவுக் கட்டணமே மறுநாள் உலையில் ஏறும் அரிசி. ஆனால் அச்சபையில் ஒரு கல்வி நடந்தது: பாட்டு, தமிழ், நினைவாற்றல், பிறன் பேசி முடிக்கும்வரை காத்து நிற்கும் பழக்கம். இறுதியிற் சொன்னது சிறியதாகத் தோன்றலாம். நம் நிர்வாகக் குழுக் கூட்டங்களைப் பார்த்தவர் அதன் அருமையை அறிவர்.

இனி ஓர் ஆய்வாளனின் கண்கொண்டு அக்கதையின் பிற்பகுதியைப் பார்ப்போம். சபைகள் பெரும்பாலும் முதல் போட்டவர்களுக்கு உரியவை. உரிமையாளர் நொடித்தால் சபையும் நொடித்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் 1925 இல் தாமே தொடங்கிப் பெருமையுடன் நடத்திய சபையும், நிரந்தரக் குழு என்ற நிலையில் 1950 இல் கலைக்கப்பட்டது. ஆனால் சுவாமிகளின் நாடகங்கள் அழிந்தனவா? இல்லை. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் விழா தோறும் 'வள்ளி திருமணம்' இன்றும் நடைபெறுகிறது. 'ஸ்பெஷல் நாடகம்' என்பர் அதனை. முருகனாக வருபவர் ஓரூர், வள்ளியாக வருபவர் மற்றோரூர், ஆர்மோனியக்காரர் வேறோரூர். ஒத்திகை இல்லாமலே அன்றிரவு மேடையிற் சேர்ந்து விடியும்வரை நடத்தி முடிப்பர். இஃது எங்ஙனம் இயல்கிறது? எல்லாரும் ஒரே பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஊர்தோறும் நடிகர் சங்கம் இருக்கிறது. விழா நடத்துவோர் அங்கு வந்து நடிகரை ஒப்பந்தம் செய்கின்றனர். ஆக, உரிமையாளரை நம்பிய சபை மறைந்தது. பொதுவான பாடமும் உறுப்பினர் சங்கமும் கொண்ட தொழில் நிலைத்தது. கூட்டுறவாளர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

வடதமிழ் நாட்டு உழவர்க்கு நாடக சபையை விடத் தெருக்கூத்தே நெருக்கமானது. புதுவை, விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் விழா எவ்வாறு நடக்கிறதென்று எண்ணிப் பாருங்கள். ஊர் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விதிக்கிறது. பகலிற் பாரதப் பிரசங்கம், இரவிற் கூத்து, இறுதியிற் படுகளம். துரியோதனனின் மாபெரும் மண்ணுருவை ஊரார் தம் கையாலேயே படைக்கின்றனர். வரி கொடுத்தவன் கணக்குக் கேட்கிறான், கொடாதவன் தலைகுனிகிறான். பதிவாளர் அலுவலகம் எதுவும் வருமுன்பே நம் சிற்றூர்கள் பொதுப் பணத்தைத் திரட்டி, செலவிட்டு, பலர் முன்னிலையில் கணக்கொப்பிக்கப் பழகியது இத்தகைய விழாக்களில்தான். அவ்வரியில் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை என்பதில் சாதி நுழைந்திருந்ததையும், இன்னும் சிலவிடத்து நுழைந்திருப்பதையும் மறைத்துப் பேசுவது நேர்மையன்று. யாவரையும் சமமாகச் சேர்க்கும் கடமை கொண்ட கூட்டுறவுச் சங்கம் துணை நிற்கும் மன்றம், அப்பழைய கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

கூத்துக் கலைஞரும் காலப்போக்கில் சங்கமாகச் சேர்ந்தனர். 1990 இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இதற்குச் சான்று. கூத்தாடும் குடும்பத்தில் வந்த பெ. இராஜகோபாலும், நெதர்லாந்து நாட்டிலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் அதன் தொடக்கத்தில் முன்னின்றனர். கலைஞர்க்கு மதிப்பும் நல்ல ஊதியமும் தேடுவது ஒருபுறம். அடுத்த தலைமுறையைப் பயிற்றுவது மறுபுறம். 2002 இல் ஒரு குருகுலம் அமைத்து, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துச் சிறுவர்க்குக் கற்பித்தனர். ஏறத்தாழ 18 ஆண்டுகள் அது நடைபெற்றது. அங்கே பெண் குழந்தைகளும் கூத்துக் கற்றனர். வழிவழியாகப் பெண் வேடத்தையும் ஆணே கட்டிய கலையில் இது சிறு மாற்றமன்று. நம் நெசவாளர் வீடுகளில் நூல் சுற்றுவதிலும் பாவு தோய்ப்பதிலும் பெண்கள் கை படாத புடவை இல்லை. ஆயினும் பேரவையில் வாய் திறக்கும் பெண்கள் எத்தனை பேர்? மேடையேறி நூறு பேர் முன் பேசிப் பழகிய பெண், குழுக் கூட்டத்தில் நூல் விலையைப் பற்றிக் கேட்கத் தயங்கமாட்டாள்.

கூத்தின் மதிப்பு நம் ஊர் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையைச் சேர்ந்த தம்பிரான் பரம்பரையினரிடம் கூத்துப் பயின்று, பிரான்சின் 'தெயாத்ர் துய் சொலெய்' நாடகக் குழு 2016 இல் பாரிசை அடுத்த வென்சேனில் ஒரு நாடகம் நடத்தியது. 'இந்தியாவில் ஓர் அறை' என்பது அதன் பெயரின் பொருள். உழவர் விழித்திருந்து பார்த்த கலையை அந்நகரத்தார் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்தனர். நம் இளைஞரோ அதனைப் பழம்பஞ்சாங்கம் என்கின்றனர்!

"இவையெல்லாம் சரி, தறிக்கு என்ன வருமானம்?" என்று கேட்போர்க்கும் விடையுண்டு. 1936 இல் ருக்மிணி தேவி சென்னையிற் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். நடனத்திற்குத் தக்க ஆடை வேண்டியபோது, பழைய காஞ்சிபுரப் பட்டுகளின் வண்ணத்தையும் கரையையும் தேடி மீண்டும் நெய்வித்தார். நெசவுப் பிரிவு ஒன்றும் அங்கு வளர்ந்தது. அகன்ற மாற்றுக்கரைப் புடவைக்குக் 'கலாக்ஷேத்திரப் புடவை' என்ற பெயர் இன்றும் சந்தையில் வழங்குகிறது. மறைந்துகொண்டிருந்த வேலைப்பாட்டுக்கு ஒரு கலை நிறுவனம் வாங்குவோரைத் தேடித் தந்தது. எல்லா மன்றமும் இவ்வாறு சந்தை பிடித்துத் தரும் என்று நான் கூறவரவில்லை. அவ்வாறு வாக்களித்துப் பணம் கேட்கும் மன்றத்தை ஐயத்தோடு பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து.

ஐயுறவேண்டிய இடங்கள் வேறும் உள. தலைவரின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு விழா நடத்துவதற்கே தோன்றும் மன்றங்கள் உண்டு. தேர்தல் நெருங்கும்போது மட்டும் விழித்தெழுபவையும் உண்டு. ஒருவர் கைப்பணத்தால் நடப்பது அவர் கைசலித்தவுடன் நின்றுவிடும். சங்கமே ஒரு கலைக்குழுவைத் தன் துறைபோல் நடத்த முற்படுவதும் எனக்கு உடன்பாடன்று. செயலாளர்க்கு நூல் இருப்பைப் பார்க்கவே நேரம் போதாது. அங்கத்தினரே சந்தா கட்டி, தாமே நிர்வாகிகளைத் தேர்ந்து, தனிக் கணக்கு வைத்து நடத்தும் மன்றத்திற்குச் சங்கம் துணைநிற்பதே முறை. சந்தா ஐந்து ரூபாயாயினும் ஆகுக. கட்டியவன்தான் கேள்வி கேட்பான்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1945 இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் சார்பாளரைக் கூட்டித் தொடங்கிய இயக்கமும் இவ்வழியிலேயே வளர்ந்தது. ஊருக்கு ஊர் தனித்தனியே தோன்றிய சிறு படிப்பகங்கள், தம் ஆட்சியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஒரு கூட்டமைப்பாயின.

அடுத்த பேரவைக்கு முன் படிப்பு வட்டங்களில் அங்கத்தினர் பின்வருவனவற்றை ஆராய்வாராக. நம் சங்கத்தின் பொதுநல நிதியில் இன்றைய இருப்பு எவ்வளவு? கடந்த மூன்றாண்டுகளில் அது எதற்குச் செலவாயிற்று? நம் ஊரில் அங்கத்தினர் குடும்பத்தார் நடத்தும் நாடகக் குழு, கூத்துக் குழு, பஜனைக் குழு, படிப்பகம் எவை? அவற்றில் எதற்குத் தனி வரவு செலவுப் புத்தகம் உண்டு? எதில் பெண்களும் எல்லாத் தெருவினரும் இடம் பெற்றுள்ளனர்? இவற்றுக்கு விடை கிடைத்தபின், நூல்கிடங்கின் வெற்று அறையை மாலையில் ஒத்திகைக்குத் தரலாமா என்பதையும் குழு எண்ணிப் பார்க்கலாம். அதற்கு நிதியில் கைவைக்கவே தேவையில்லை. பணம் வழங்குவதாயின் தீர்மான எண்ணும் நாளும் குறித்து, மன்றத்தின் பெயரிலேயே வழங்கி, பற்றுச்சீட்டுப் பெற்றுக் கோப்பில் வைக்கவும். செலவுக் கணக்கை நிகழ்ச்சி முடிந்த ஒரு திங்களுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்க.