பச்சை ஒயரின் மேல் விழுந்த பழி

மின்பலகையில் உள்ள எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகிய இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்று கருதுவதே, புதிய சீலிங் லைட்டை மாட்டியதும் கரண்ட் டிரிப் ஆகும் வீடுகளில் பொழுதையும் பணத்தையும் மிகுதியாக விழுங்கும் பிழையாகும். எம்.சி.பி. மிகைமின்னோட்டத்தையும் ஷார்ட்டையும் மட்டுமே கவனிக்கும், ஆர்.சி.சி.பி.யோ, ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, 30 மில்லிஆம்பியர், அதாவது விளக்குகளுக்கு இடப்படும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யின் அளவில் 200-இல் ஒரு பங்கு, குறைந்தாலே விழுந்துவிடும்.

இக்குறிப்பை எழுதுபவரின் சிவகாசி வீட்டில், புதிய விளக்கின் ஸ்விட்ச் அணைந்திருந்தபோதும், மிக்ஸி ஓடியவுடன் ஆர்.சி.சி.பி. விழுந்ததால் மிக்ஸி பழுதுபார்க்கப் போயிற்று, பிறகு ஆர்.சி.சி.பி.யே மாற்றப்பட்டது, புதியதும் விழுந்தது. ஸ்விட்சும் ஒருமுனை எம்.சி.பி.யும் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும் என்பதும், நியூட்ரல் வீடு முழுவதும் பொதுவாக, அணைந்த விளக்கு வரையிலும் இணைந்தே கிடக்கும் என்பதும் அப்போது எவருக்கும் தோன்றவில்லை. அந்த நியூட்ரல் எங்கேனும் எர்த்தைத் தொட்டுவிட்டால், மிக்ஸியிலிருந்து திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வழியாகப் பிரிந்துபோக, ஆர்.சி.சி.பி.யின் கணக்கு உதைக்கும். நியூட்ரலில் டெஸ்டர் எரியாது என்பதால், டெஸ்டரை மட்டும் நம்பித் தேடுபவர் கையில் இக்குறை அகப்படுவதே இல்லை.

வந்து பார்த்த ஒயர்மேன், பட்டாசு ஆலையொன்றிலும் வேலை பார்ப்பவராம், விளக்கின் பச்சை நிற எர்த் ஒயரை வெட்டிவிடச் சொன்னார். வெட்டியிருந்தால் டிரிப் நின்றிருக்கும் என்பது மெய்தான். ஆனால் பின்னொரு நாள் ஃபேஸ் ஒயர் விளக்கின் உலோக உடலைத் தொட்டால், ஒரு கை வந்து தொடும்வரை 230 வோல்ட் அங்கே ஓசையின்றிக் காத்திருக்கும். மருந்துக் கலவை அறைக்குள் நுழையுமுன், உடலில் தேங்கிய நிலைமின் இறங்க, எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொட்டுச் செல்லும் வழக்கமுள்ள ஊரில் இப்படியொரு யோசனை எழுந்ததும், அதை உறவினர் ஆமோதித்ததும் இன்றளவும் செரிக்கவில்லை.

மெயினை அணைப்பது, பிளக்குகளை உருவுவது, ஸ்டூல் போடுவது ஆகியவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆர்.சி.சி.பி.யையும் கீழே தள்ளி, மல்டிமீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்து, அதற்குப் பிந்தைய நியூட்ரல் கட்டையையும் எர்த் கட்டையையும் தொட்டால் ஒலி எழக்கூடாது. இங்கே எழுந்தது, விளக்கைக் கழற்றி இறக்கியதும் நின்றது. விளக்கின் தகட்டை இறுக்கிய நீளமான திருகு, கூரைப் பெட்டிக்குள் மடங்கிக்கிடந்த கருப்பு நியூட்ரல் ஒயரின் உறையைக் கிழித்திருந்தது. முன்பு அங்கிருந்த பிளாஸ்டிக் ரோஸில் உலோகத் தகடும் இல்லை, எர்த் இணைப்பும் இல்லை. ஆகவே அப்படிக் கிழிந்திருந்தாலும் வெளியே தெரிந்திராது.

கிழிந்த பகுதியை வெட்டி நீக்கி, கனெக்டர் இட்டு, குட்டைத் திருகு போட்டதும் வேலை முடிந்தது. மாற்றப்பட்ட பழைய ஆர்.சி.சி.பி. குறையற்றது என்று தெரிந்தபோது, புதியதைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.